கலைக்கத் தெரியாத கை

லூசில் கூர்னோயே வீட்டில் முள்கரண்டிகூட ஒரே பக்கம் தலை வைத்துத்தான் படுத்திருக்கும். துவைத்த துண்டை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பாள். துளி பிசகினாலும் உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து மடிப்பாள். அவள் புருஷன் மோரிஸ் உயிரோடு இருந்த நாளில், "இந்த வீட்ல நான் நிக்கறதுக்குக்கூட ஒரு இடம் குறிச்சு வச்சிருக்கா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அதில் அவளுக்குப் பெருமைதான்.

அந்தக் கையை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். சவுத்பிரிட்ஜ் என்ற அந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் கண்ணாடியோடு ஏதாவது ஒரு சம்பந்தம் இருக்கும். சிலர் மூக்குக்கண்ணாடி, சிலர் லென்ஸ். லூசிலுக்கு இழை. ஆற்றோரத்தில் பழைய செங்கல் கட்டடத்தில் ஒரு கம்பெனி. ஊரில் மேல் மில் என்றுதான் பெயர். அங்கே கண்ணாடிக் கம்பியை உலையில் இளக்கித் தலைமயிரைவிட மெல்லிசாக இழுப்பார்கள். அப்படி இழுத்த இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கட்டினால் ஒரு முனையில் விட்ட வெளிச்சம், அந்த இழைக்கட்டை எப்படி வளைத்தாலும், மறுமுனையில் வந்து நிற்கும்.

இதில் இரண்டு ஜாதி. ஒன்று படக்கட்டு. இந்த முனையில் ஓர் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த முனையிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். இருந்தால்தான் படம் படமாக வரும். லூசில் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து படக்கட்டில்தான் இருந்தாள். இடுக்கியால் வரிசை வரிசையாக அடுக்குவாள். அவள் அடுக்கியதில் ஓர் இழை தடம் மாறியது என்று யாரும் சொன்னது கிடையாது. இன்னொன்று ஒளிக்கட்டு. படம் கிடம் ஒன்றும் வேண்டாம், ஆராய்ச்சிக் கருவிகளுக்குள்ளே வெளிச்சம் போய் விழுந்தால் போதும். படக்கட்டுப் பெண்கள் ஒளிக்கட்டுப் பெண்களைப் பார்த்து, "அங்க என்ன வேலை, துடைப்பம் கட்டற வேலைதானே" என்பார்கள். லூசில்தான் அதை முதலில் சொன்னவள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

கம்பெனிக்காரர்களுக்கு என்ன வந்தது? ஒரு வசந்த காலத்தில் படக்கட்டுப் பிரிவை அப்படியே பெயர்த்து அரிசோனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூட வருகிறாயா என்று லூசிலையும் கேட்டார்கள். மோரிஸைப் புதைத்த மண்ணை விட்டு அந்தப் பாலைவனத்துக்கு யார் போவது? மாட்டேன் என்றாள். துடைப்பம் கட்டும் பக்கம் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

பக்கத்து மேசையில் மிக்டாலியா ரொல்டான்.

சொல்லவே வேண்டாம். முதல் நாளிலிருந்தே லூசிலுக்கு அவளைக் கண்டால் ஆகவில்லை. மிக்டாலியா போர்ட்டோ ரிக்கோக்காரி, நாற்பதைத் தொட்டவள், காதில் பெரிய வளையம், வாய் ஓயாது. சொந்த ஊர் போன்ஸேயில் இருக்கிற அத்தைக்கு முழங்கால் வலி, தங்கச்சி புருஷன் கார் வாங்கி ஏமாந்தது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வேலை செய்வாள். தட்டில் ஈர இழைகளை விரித்து, இரண்டு உள்ளங்கையையும் மேலே வைத்து, ஞாயிற்றுக்கிழமை டோமினோ கட்டைகளைக் கலைப்பது போல அப்படியும் இப்படியும் சுழற்றுவாள். குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். அவள் செய்ததெல்லாம் வெளிச்சம் அளக்கிற மீட்டரில் அலுங்காமல் தேறிவிடும்.

போதாததற்கு அவள் லூசிலை "டோன்யா லூசில்" என்று கூப்பிட்டாள். அவர்கள் பக்கம் பெரியவர்களை மரியாதையாக அழைக்கிற முறை அது. லூசிலுக்கோ, தலையில் நரைச்சாயம் பூசிவிட்ட மாதிரி இருந்தது.

"வெறும் லூசில்னு கூப்பிடு, போதும்."

"ஐயோ, எப்படிங்க? எங்கம்மா குழியிலேர்ந்து எழுந்து வந்து வாயிலயே போடுவாங்க" என்று மிக்டாலியா சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். லூசில் சிரிக்கவில்லை.

நவம்பரில் மேற்பார்வையாளன் காஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் லூசிலுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். நல்லவன்தான், ஆனால் மேலே இருப்பவர்கள் சொன்னதை மாற்றத் தைரியம் இல்லாதவன்.

"லூசில், மைக்ராஸ்கோப் கம்பெனிக்கு நாலு கால் கட்டு ஆர்டர் வந்திருக்கு. கிறிஸ்துமஸ் வரைக்கும் உனக்கு டைம். மீட்டர்ல தேறுற மாதிரி செஞ்சு காட்டு, அந்த மேசை உனக்குத்தான். இல்லேன்னா பேக்கிங். என்னை முறைக்காத, என் கையில ஒண்ணும் இல்ல."

"பேக்கிங்கா? அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டறதுக்கா இந்தக் கை?"

"அதான் சொல்றேன், செஞ்சு காட்டு."

நாலு கால் கட்டு என்றால், ஒரு தலை, நாலு கால். தலைப்பக்கம் விளக்கு. நாலு காலும் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்த பொருளைச் சுற்றி நின்று வெளிச்சம் கொட்டும். நாலிலும் ஒரே அளவு வர வேண்டும். ஒன்று மங்கினாலும் நிழல் விழுந்து, பார்க்கிற விஞ்ஞானி தலையைப் பிய்த்துக்கொள்வார். விளக்கோ எங்கேயும் சமமாக எரிவதில்லை, ஒரு பக்கம் பளீரென்றும் ஒரு பக்கம் அசமந்தமாகவும்தான் எரியும். அதனால் தலையிலிருந்து கிளம்புகிற இழைகளை நன்றாகக் கலைத்து, எது எந்தக் காலுக்குப் போகிறது என்று செய்தவளுக்கே தெரியாதபடி பிரித்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதான் லூசிலுக்கு வரவில்லை. தட்டில் விரிப்பாள், கலைப்பாள், கலைந்துவிட்டது என்றே நினைப்பாள். பிரித்துக் கட்டும்போது விரல்கள் தம்பாட்டுக்கு இழைகளை நீவி, பக்கத்தில் இருந்ததைப் பக்கத்தில் சேர்த்து, நேராக்கிவிடும். பசை போட்டு, சுட்டு, முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீட்டரில் வைத்தால் ஒரு கால் கொழுந்துவிட்டு எரியும், எதிர்க்கால் அழுது வடியும். கண்ணை மூடிக்கொண்டு கலைத்துப் பார்த்தாள். இடது கையால் செய்து பார்த்தாள். மாதாவுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றினாள். மீட்டர் முள் அசைந்து கொடுக்கவில்லை.

பக்கத்து மேசையில் மிக்டாலியா தங்கச்சி புருஷனின் காரைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக முடித்துத் தள்ளினாள். காஸ் அவற்றை மீட்டரில் வைக்கும்போது முள்ளைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. "மிக்டாலியா செஞ்சதுதானே" என்று முத்திரை குத்தினான். லூசிலுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஆயுசு முழுக்க ஒழுங்காக இருந்தவள் நான், ஒழுங்கே இல்லாதவளுக்கு முத்திரையா? இது என்ன நியாயம்? அவள் ஏதோ சூட்சுமம் வைத்திருக்கிறாள், தட்டில் தெளிக்கிற தண்ணீரில் எதையோ கலக்கிறாள், இல்லாவிட்டால் காஸுக்கு எதையாவது ஊட்டிவிட்டிருக்கிறாள் என்று ராத்திரியெல்லாம் கரித்துக்கொட்டினாள்.

ஊட்டியது என்னவோ உண்மைதான். காஸுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். மிக்டாலியா வெள்ளிக்கிழமைதோறும் மாட்டுக்கறி வைத்து, சோமாசி மாதிரி மடித்துப் பொரித்த பஸ்தெலியோ கொண்டுவருவாள். லூசிலும் விடவில்லை. டிசம்பர் பிறந்ததும் பன்றிக்கறி வைத்து, கிராம்பு தட்டிப் போட்டு, அவள் அம்மா செய்கிற மாதிரியே டூர்ட்டியேர் என்கிற வட்டக் கறியடை சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். எட்டுத் துண்டும் ஒரே அளவு.

பாலிஷ் பிரிவில் வேலை செய்யும் தெரேஸ், மோரிஸின் தங்கை, லூசிலுக்குச் சொந்த நாத்தனார், அவளுடைய காரில்தான் லூசில் தினமும் வருவதும் போவதும். அந்தத் தெரேஸ் பஸ்தெலியோவைக் கடித்துக்கொண்டு, எண்ணெய் முகவாயில் வழிய, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

"அடேயப்பா, மிக்டாலியா! என்னத்தடி போட்டு செய்யற நீ?"

"இதுலயும் ஒரு துண்டு எடுத்துக்கறியா?" என்று லூசில் டூர்ட்டியேரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அய்ய, அதைத்தான் பிறந்ததிலேர்ந்து தின்னுட்டு இருக்கேனே. வை, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

மிக்டாலியா மட்டும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்று, விரலை நக்கி, "டோன்யா லூசில், எவ்வளவு நேரா வெட்டியிருக்கீங்க!" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று லூசில் நினைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் மனசில் இருந்ததை மாதா கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். லூசிலின் கட்டு மறுபடியும் தேறவில்லை. காஸ் தோளில் தட்டிவிட்டுப் போனான். அதைவிட அவன் திட்டியிருக்கலாம். மூன்றரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். தெரேஸுக்குக் கூடுதல் வேலை, ஐந்துக்குத்தான் வருவாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. லூசில் கோட்டு மாட்டிக்கொண்டு, தன் மேசையிலேயே காத்திருந்தாள்.

மிக்டாலியாவின் மேசையில் ஒரு நாலு கால் கட்டு கிடந்தது. கலைத்து, பிரித்து, நாலு காலுக்கும் நூல் சுற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டி, பசைக்குத் தயாராக. காலையில் வந்தவுடன் பசை போடுகிறவன் எடுத்துக்கொண்டு போவான்.

சூட்சுமம் என்னவென்று பார்க்கலாம், அவ்வளவுதான், என்று லூசில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விளக்கைப் போட்டாள். ஒரு காலின் நூலை அவிழ்த்தாள். லென்ஸை வைத்துக் குனிந்தாள்.

சூட்சுமமும் இல்லை, மண்ணும் இல்லை. தலைவாராத பிள்ளையின் மண்டை மாதிரி ஒரே சிக்கு. மேலே போவது கீழே, கீழே போவது குறுக்கே. இதற்கா முத்திரை? இதற்கா பஸ்தெலியோவும் கும்மாளமும்? லூசிலுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மற்ற மூன்று காலையும் அவிழ்த்தாள். கோட்டைக் கழற்றிப் போட்டாள். தட்டில் தண்ணீர் தெளித்தாள்.

கை தானாகச் செய்தது என்று பிற்பாடு அவள் தெரேஸிடம் சொன்னாள். பாதி உண்மை. முதலில் ஒரு சிக்கைக் கண்டு பொறுக்காமல் கை எடுத்துவிட்டது என்பது சரிதான். அடுத்ததையும் அதற்கடுத்ததையும் அவளேதான் எடுத்தாள். தலையிலிருந்து கால்வரை நீவி, பக்கத்துக்குப் பக்கம் சேர்த்து, தலையை நாலு பங்காகப் பாவித்து ஒவ்வொரு பங்கையும் ஒரு காலுக்கு இறக்கினாள். அரிசோனாவுக்குப் போன அந்த மேசையில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவள் நன்றாக மூச்சு விட்டாள். நாலு காலுக்கும் பழையபடி நூல் சுற்றி, மிக்டாலியாவின் பெயர்ச்சீட்டை அதன் இடத்தில் வைத்தபோது, நாளை அவள் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் வாசலில் தெரேஸ் ஹாரன் அடித்தாள்.

மறுநாள் பசை, சூடு, தேய்ப்பு, பாலிஷ் எல்லாம் முடிந்து கட்டு மீட்டருக்கு வந்தது. காஸ் வழக்கம்போல ஒரு கையில் முத்திரையை எடுத்துக்கொண்டே வைத்தான். முத்திரையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான்.

"மிக்டாலியா, இங்க கொஞ்சம் வா."

லூசில் தன் தட்டில் இழையைக் கலைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது. காஸ் ஒரு காலின் முனையில் சின்ன விளக்கை வைத்தான். தலைப்பக்கம் எங்கே ஒளிர்கிறது என்று பார்க்கிற பரிசோதனை அது. கலைந்திருந்தால் தலை முழுக்கப் பொட்டுப் பொட்டாக மின்னும். மிக்டாலியா லென்ஸில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. அவள் வாய் மூடியிருந்து அந்தக் கூடத்தில் யாரும் கண்டதில்லை.

"என்ன ஆச்சு உனக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான் காஸ்.

"இது என் கை இல்ல."

"உன் பேர்தானே ஒட்டியிருக்கு?"

"பேர் என்னோடதுதான். கை என்னோடது இல்ல. நீங்களே பாருங்க காஸ். தலையில சரியா நாலுல ஒரு பங்குதான் எரியுது. இந்த ஓரத்தைப் பாருங்க, கத்தியால வெட்டின மாதிரி! ஒரு இழை, ஒரே ஒரு இழைகூட அந்தப் பக்கம் தாண்டல. நான் ஆயுசுக்கும் உக்காந்தாலும் எனக்கு இது வருமா?"

பாலிஷிலிருந்து எதற்கோ வந்த தெரேஸும் எட்டிப் பார்த்தாள். யோசிக்காமல் வாயைத் திறந்தாள்.

"அம்மாடி, என்ன அழகுடி இது!"

லூசிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. படக்கட்டுப் பிரிவை மூடிய நாளிலிருந்து ஒருத்தர், ஒரே ஒருத்தர் இந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள், காதில் விழுந்தவுடன் முகமெல்லாம் பூரித்துப்போய் நிமிர்ந்தாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்க அவளால் முடியவில்லை.

"லூசில்..." என்றான் காஸ்.

"நான்தான்" என்றாள் லூசில்.

மிக்டாலியா அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை.

"நான் இந்தக் கம்பெனில முதல்ல கேட்டது எந்தப் பக்கம் தெரியுமா உங்களுக்கு? உங்க பக்கம். படக்கட்டு. கைப் பரீட்சை வச்சாங்க. ஒரு வரிசை, ஒரே ஒரு வரிசை நேரா வரல எனக்கு. 'நீ கலைச்சுப் போடறவ, அந்தப் பக்கம் போ'ன்னுட்டாங்க. தினம் காபி குடிக்கப் போறப்ப உங்க பிரிவு கண்ணாடி ஜன்னல்கிட்ட நின்னு உங்க கையைப் பார்த்துட்டுத்தான் போவேன். ஒரு நாளாவது நிமிந்து பார்த்திருக்கீங்களா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் லூசில். உண்மையிலேயே தெரியாது.

"எப்படித் தெரியும்? துடைப்பம் கட்டறவதானே நான்! அவ்வளவு வயிறு எரிஞ்சிருக்கேன் டோன்யா லூசில், உங்களைப் பார்த்து. ஆனா உங்க கட்டுல நான் கை வைக்கல."

லூசில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பாட்டுக்குக் கலைத்துக்கொண்டிருந்த இழைகள், பேச்சு நடந்த அந்த நேரத்துக்குள், விரலுக்கடியில் பழையபடி நேராகிக் கிடந்தன.

கிறிஸ்துமஸ் முடிந்து திரும்பி வந்தபோது அவள் பேக்கிங்கில் இருந்தாள். வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம். காஸ் மேலிடத்தில் என்ன சொன்னானோ, பேக்கிங்கோடு விட்டார்கள். தெரேஸ் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கார் ஓட்டினாள். "என் அண்ணன் இருந்திருந்தா இதைக் கேட்டே செத்திருப்பான்" என்று ஒருமுறை சொன்னாள். அப்புறம் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தாள். அட்டைப்பெட்டிகள் அந்த அறையில் இப்போது அளவு வாரியாக, வாய் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன.

கெட்டுப்போன அந்தக் கட்டை மட்டும் காஸ் குப்பையில் போடவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு, எப்படிச் செய்யக் கூடாது என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது என்று எடுத்து வைத்தான். சொல்லிக்கொடுப்பது மிக்டாலியாவின் பொறுப்பு. பேக்கிங் அறைக்கும் அந்தக் கூடத்துக்கும் நடுவில் அரைச் சுவர்தான். லூசிலுக்கு அங்கே பேசுவதெல்லாம் கேட்கும், எட்டிப் பார்த்தால் தெரியும்.

மிக்டாலியா விளக்கை வைப்பாள். புதிதாக வந்தவர்கள் லென்ஸில் கண்ணை வைப்பார்கள். "இது தப்பு, இப்படி வரவே கூடாது" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருத்தர், "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! யார் செஞ்சது?" என்று கேட்டுவிடுவார்கள். தவறாமல் கேட்பார்கள்.

அப்போது லூசில் டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாள். மிக்டாலியாவின் வாய் ஒரு பக்கம் இறுகும், மூக்கு விடைக்கும், பதில் சொல்ல மனசே வராமல் கட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி உறையில் போடுவாள். அந்த மூஞ்சியை லூசிலுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் முழுக்க அவள் குளியலறைக் கண்ணாடியில் பார்த்த மூஞ்சி அது.

"பேக்கிங்ல இருக்காங்களே, அவங்க" என்பாள் மிக்டாலியா கடைசியில்.

லூசில் திரும்பி அடுத்த பெட்டியை எடுப்பாள். அதற்குள் இருக்கும் கட்டு மிக்டாலியா செய்ததாகத்தான் இருக்கும். அதை மூடுகிறபோது அவளுக்கு இன்னமும் வயிறு எரியும்.